எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் ஊசி

தமிழில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. எதிர்ப்பு சக்தி. யார் உண்டாக்கியதோ தெரியாது. ஆள் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். கிருமி வந்தால் உடம்புக்குள் நடப்பது ஒரு அடிதடி. அதில் விழ வேண்டிய அடியும் விழும், விழக்கூடாத அடியும் விழும். அதற்குப் போய் சக்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சக்தி என்றால் கூடக்கூட நல்லது என்றுதான் எவனும் நினைப்பான். சக்தியைக் குறைக்கட்டுமா என்று கேட்டால் யார் தலையாட்டுவார்கள்?

என் அண்ணன் அந்தச் சொல்லை விற்றுத்தான் பிழைக்கிறார். செம்பட்டி போகிற ரோட்டில் கடை. முன்பு மளிகை. கொரோனா வந்ததும் பருப்பு மூட்டைகளைப் பின்னால் தள்ளிவிட்டு, முன் அலமாரி முழுக்க சத்து மாவும் கஷாயப் பொடியும் அடுக்கினார். கொரோனா போய்விட்டது. பொடி போகவில்லை. மில்லுக்குப் போகிற பிள்ளைகள் வாங்குகிறார்கள், வாத்தியார்கள் வாங்குகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து குடும்பம் குடும்பமாக வந்து வாங்குகிறார்கள். ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். காலையும் மாலையும் அதே பொடியை அவரே கலக்கிக் குடிக்கிறார். நம்பித்தான் விற்கிறார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் மருந்தியல் படித்தவள். வெளி மாநிலத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் சில வருஷம் எலிகளோடு குடித்தனம் நடத்தினேன். இப்போது திண்டுக்கல் பக்கமே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வீட்டில் எனக்கு இன்னமும் எலி டாக்டர் என்றுதான் பெயர். அந்த ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தாய் என்று ஒருமுறை அண்ணன் கேட்டார். எலிக்கு மூளைச்சவ்வில் பாக்டீரியாவை ஏற்றி, எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்து கொடுத்துப் பார்த்தோம் என்றேன். செத்த நேரம் யோசித்தார்.

"நீ எலிக்குக் கொறைக்கிற. நான் மனுசனுக்குக் கூட்டுறேன். வீட்டுக் கணக்கு நேராப் போச்சு பாப்பா" என்றார்.

அங்கே நடந்தது இதுதான். எலியின் பிடரிக்குள், மூளையைச் சுற்றி ஓடுகிற நீரில், கிருமியைச் செலுத்துவோம். எலி சுருண்டு படுக்கும். பிறகு கிருமியைக் கொல்கிற மருந்து கொடுப்போம். கிருமி செத்துவிடும். எலி பிழைத்துவிடும். இதோடு கதை முடிந்தது என்றுதான் வெளியே இருக்கிறவர்கள் நினைப்பார்கள். முடியாது. சாகிற கிருமி வெடித்துத்தான் சாகிறது. அந்தச் சிதறலைப் பார்த்து உடம்பின் காவல் அணுக்கள் கொதித்துப்போய் வந்து விழும். அமிலம் ஊற்றின மாதிரி எதையெதையோ கக்கும். மூளை அழியும். உள்காதில் இருக்கிற மெல்லிய மயிர் அணுக்கள் அழியும். அவை திரும்ப முளைப்பதில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் தட்டைக் கீழே போட்டால் சில எலிகள் துள்ளும். சில எலிகள் தின்றுகொண்டே இருக்கும். பிழைத்த எலிதான். ஆனால் செவிடு.

அதனால்தான் அந்தக் கொதிப்பை அடக்கப் பார்த்தோம். ஸ்டீராய்டு ஒரு வழி. காவல் அணுக்கள் கக்குகிற ஒன்றிரண்டை மட்டும் பிடித்துக் கட்டுவது இன்னொரு வழி. கிருமியை வெடிக்க விடாமல் கொல்கிற மருந்து மற்றொரு வழி. எலியிடம் நன்றாகத்தான் வேலை செய்யும். பேப்பரில் எலிகளிடம் வெற்றி என்று போடுவான். அப்புறம் அந்த மருந்தைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. எலியில் ஜெயித்த மருந்துகளில் பெரும்பாலானவை மனுஷனிடம் வந்து சேர்வதே இல்லை. இத்தனை எலிகளைக் கொன்று என்ன கண்டோம் என்று எனக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது. ஊருக்கு வந்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணனே அந்த எலியாகிப் போனார்.

இரண்டு நாளாகக் காய்ச்சல். தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டார். பொடியையும் இரண்டு மடங்காகக் கலக்கிக் குடித்திருக்கிறார். ஞாயிறு காலை வாந்தி எடுத்து, மதினியைப் பார்த்து, "கடைய யாரு தெறந்தா, நீ யாரு" என்று கேட்டிருக்கிறார். மதினி என்றால் அவர் பெண்டாட்டி, வேடசந்தூர்ப் பக்கத்துக்காரர், பயப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பயந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தார். கழுத்தை மடக்க முயன்றால் உடம்பே பலகை மாதிரி எழுந்தது. மூளைச்சவ்வில் கிருமி ஏறினால் கழுத்து அப்படித்தான் விறைக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்திருந்தார்கள். தெளிவாக வர வேண்டிய நீர் கஞ்சித்தண்ணி மாதிரி வந்திருந்தது. டாக்டர் சின்ன வயசு. பேச்சைக் கேட்டால் ஒட்டன்சத்திரம் பக்கம் என்று தெரிந்தது. மதினியை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"மூளையச் சுத்தி இருக்கிற சவ்வுல பாக்டீரியா தொத்துங்க. அவருக்குக் காதுல சீழ் வர்றமாட்டம் இருக்குதுங்க. அங்கிருந்து போயிருக்கலாமுங்க. கிருமி மருந்து இப்பவே ஏத்தப் போறோம். அதுக்கு முன்னால ஒரு ஊசி போடோணுங்க. ஸ்டீராய்டு. உடம்போட எதிர்ப்பு சக்தியக் கொஞ்சம் அடக்குறதுக்கு."

எல்லாம் சரியாகச் சொன்னார். ஒரு சொல்லில் கெடுத்துவிட்டார்.

"எத அடக்குறதுக்கு?" என்றார் மதினி.

"எதிர்ப்பு சக்தியைங்க."

"அது வேணாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். மடியில் இருந்த பைக்குள் ஒரு டப்பா தெரிந்தது. கடையில் விற்கிற பொடி. கண் விழித்தால் கரைத்துக் கொடுக்கலாம் என்று கையோடு எடுத்து வந்திருக்கிறார்.

"எதிர்ப்பு சக்தி இல்லாமத்தான கிருமி உள்ள போச்சு. இருக்கிறதையும் கொறச்சா மனுசன் என்னத்துக்கு ஆவாரு? இது எனக்கே தெரியுது, படிச்சவங்களுக்குத் தெரியலயா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தால் யாரும் அங்கேதான் போய்ச் சேர்வார்கள்.

வீட்டார் ஒப்புக்கொள்ளாமல் போட மாட்டேன் என்றார் டாக்டர். முன்பு எப்போதோ யாரோ சட்டையைப் பிடித்திருக்க வேண்டும், அப்படி ஒரு ஒதுங்கல் அவர் பேச்சில். "கிருமி மருந்த நிறுத்தி வைக்க முடியாதுங்க. இந்த ஊசி போடுறதா இருந்தா அதுக்கு முன்னால போடோணும், இல்லாட்டி அதோடயே போடோணும். ரொம்பப் பிந்திப் போட்டாப் பலன் இல்லீங்க." நர்ஸ் அதற்குள் கம்பியில் பாட்டிலை மாட்டி, குழாயில் காற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தார்.

நான் வகுப்பில் சொல்கிற மாதிரி ஆரம்பித்தேன். வீக்கம், அணுக்கள், உள்காது. மதினி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எலியில் பார்த்திருக்கிறேன் மதினி, ஊசி போடாத எலிக்குக் காது போய்விடும் என்றேன்.

அப்போதுதான் திரும்பினார். "ஒன் எலிக்கு ஏதும் ஆச்சுன்னா வேற எலி வாங்கிக்கிருவ. எனக்கு ஒரு புருசன்தான்."

நர்ஸ் அண்ணன் கையில் ஊசி குத்த நரம்பைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தார். மரியாதை பார்க்க நேரம் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் மதினி முன்னால் எடுக்காத ஒரு பேச்சை எடுத்தேன்.

முந்தின வருஷம் போர்டு மாட்டுவதில் அண்ணனுக்கும் பக்கத்து டீக்கடைக்காரனுக்கும் தகராறு. மதினி தன் அண்ணன் தம்பிகளுக்குப் போன் போட்டார். அவர்கள் வேடசந்தூரிலிருந்து லோடு ஆட்டோவில் ஆட்களோடு வந்து இறங்கினார்கள். வண்டியைப் பார்த்ததுமே டீக்கடைக்காரன் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடிவிட்டான். அதோடு போயிருக்கலாம். வந்தவர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கம்பை எடுத்து எவனையோ விரட்டுகிறேன் என்று சுற்றி, எங்கள் கடைக் கண்ணாடிக் கதவையே நொறுக்கிவிட்டுப் போனார்கள்.

"மதினி, அன்னைக்குக் கடைக்கண்ணாடிய ஒடச்சது யாரு? டீக்கடைக்காரனா, உங்க வீட்டாளுகளா?"

"இந்த நேரத்துல எங்க வீட்டாளுகள எதுக்கு இழுக்குற?"

"சொல்லுங்க. அவன் ஓடுறதுக்கு முந்தி ஒடஞ்சுச்சா, ஓடுன பெறகா?"

பதில் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை. "பெறகுதான்" என்றார்.

"அதான் இப்ப அண்ணன் மண்டைக்குள்ள நடக்கப் போகுது. இந்தப் பாட்டில் ஏறுனா கிருமி செத்துரும். அதுக்குப் பெறகுதான் உங்க அண்ணன் தம்பிக கம்பெடுத்துச் சுத்துவாங்க. காதுக்குள்ள இருக்கிறது கண்ணாடி. ஒடஞ்சா மாத்த முடியாது. செத்த நேரம் அவங்கள லோடு ஆட்டோவுலயே ஒக்கார வைக்கத்தான் அந்த ஊசி. அவங்க கைய முறிக்கிறதுக்கு இல்ல."

"எங்க அண்ணன் தம்பிகளக் கம்பு சுத்துற பயலுகன்னு சொல்லிப்புட்டேல்ல."

"ஆமா, சொன்னேன்."

மதினி டாக்டர் பக்கம் திரும்பினார். "இவ சொல்றது மெய்தானா?"

டாக்டர் முழித்தார். "லோடு ஆட்டோ எனக்குத் தெரியாதுங்க. மத்ததெல்லாம் சரிதானுங்க."

"அப்பப் போடுங்க" என்றார் மதினி. பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல், "ஏதும் ஒண்ணு ஆச்சு, நீ என் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது" என்றார்.

ஊசி போட்டார்கள். பின்னாலேயே பாட்டிலும் இறங்கியது.

மதினியிடம் நான் சொல்லாத விஷயங்கள் உண்டு. எலியில் நடந்தது அண்ணனுக்கு நடக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. மனுஷர்களிடம் அந்த ஊசி சில இடங்களில் காதைக் காப்பாற்றியிருக்கிறது, சில இடங்களில் ஒன்றும் செய்யவில்லை. குட்டி எலிகளுக்கு அதே ஊசி மூளையில் நினைவு தங்குகிற இடத்தைக் கெடுத்தது என்றும் படித்திருக்கிறேன். இதையெல்லாம் அந்த இடத்தில் சொல்லியிருந்தால் மதினி நிச்சயம் வேண்டாம் என்றிருப்பார். அதனால் லோடு ஆட்டோக் கதையை மட்டும் ஓட்டினேன். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அமைதியும் இல்லை. அண்ணன் படுத்திருந்த நாட்களில் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். கான்டீன்காரர் என்னைப் பார்த்ததுமே டீ போட ஆரம்பித்துவிடுவார். கல்லூரியிலிருந்து போன் வந்தது, வகுப்பு என்னாச்சு என்று. எலி டாக்டரின் அண்ணன் சாகக் கிடக்கிறான் என்று சொல்லி வைத்தேன்.

அண்ணன் பிழைத்தார். முதலில் மதினியை அடையாளம் கண்டார், பிறகு என்னை. பொடி எங்கே என்று கேட்டார். நான் வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவர் திரும்பவில்லை என்று மதினி கண்டுபிடித்தார். அன்றைக்கே எனக்குப் போன் வந்தது.

"ஒரு காது போச்சு. நல்லா இருக்கியா?"

"ஊசி போட்டதுனால போகல மதினி. போட்டதுனாலதான் ஒண்ணு மிஞ்சுச்சு."

"அத நீ பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

இதுதான் எங்கள் சண்டை. வாரக்கணக்கில் இதே நாலு வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டோம். மதினி கோயிலில், கடையில், தெருவில் எல்லாரிடமும் சொன்னார். நாத்தனா ஒரு ஊசி போட வச்சா, எதிர்ப்பு சக்தி போயிருச்சு, அதோட காதும் போயிருச்சு. தெருவில் போகும்போது பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். இதில் கொடுமை, இந்தப் பேச்சால் கடையில் பொடி இன்னும் நன்றாகப் போனது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் அத நீ பாத்தியா என்று மதினி கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் இரண்டு வரிசைக் கூண்டுகள் இருக்கும். ஒரு வரிசைக்கு மருந்து, இன்னொரு வரிசைக்கு வெறும் உப்புத்தண்ணி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருந்து என்ன செய்தது என்று தெரியும். ஊசி போடாத இன்னொரு அண்ணன் எனக்கு இல்லை. அவருக்கு எத்தனை காது மிஞ்சியிருக்கும் என்று நான் எங்கே போய்ப் பார்ப்பது?

மதுரையில் ஒரு இடத்தில் காதுச் சோதனைக்கு நாள் வாங்கினேன். மதினியும் கிளம்பினார். முடிவை என் வாயால் மட்டும் கேட்டுக்கொள்ள அவர் தயாராயில்லை. அண்ணனைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நாங்கள் இரண்டு பேரும் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வலது காதுக்கு விரல் அசைந்துகொண்டே இருந்தது. மெல்லிய கீச்சுச் சத்தங்களுக்கு மட்டும் கொஞ்சம் தயங்கியது. இடது காதுக்கு மாற்றினார்கள். விரல் கடைசிவரை அசையவில்லை.

சோதனை செய்த பெண்ணிடம் மதினி கேட்டார். "ஊசியாலயா போச்சு?"

"காய்ச்சலால போயிருக்கலாம்மா. பழைய சீழாலயும் போயிருக்கலாம். முன்னாடி எடுத்த சோதனை ஏதாச்சும் இருந்தாக் காட்டுங்க, சொல்லலாம்."

இல்லை. யாரும் எடுத்ததில்லை.

திண்டுக்கல் பஸ்ஸில் மூன்று பேர் சீட் கிடைத்தது. அண்ணன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். வலது காது ஜன்னல் பக்கம், செத்த காது எங்கள் பக்கம். மதினி நடுவில். நான் ஓரத்தில். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. ஒரு காது மிஞ்சியதே ஊசியால்தான் என்று நான். ஒரு காது போனதே அதனால்தான் என்று மதினி. அண்ணன் காதில் விழாது என்கிற தைரியத்தில் நன்றாகவே பேசினோம். பேச்சில் மதினியின் அண்ணன் தம்பிகளும் வந்தார்கள், என் எலிகளும் வந்தன. கொடைரோடு பக்கம் வண்டிகள் அடைத்துக்கொண்டு பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். எங்கள் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

"செத்த நேரம் ரெண்டு பேரும் சும்மா வாங்க" என்றார் அண்ணன். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தக் காது இன்னைக்கு நேத்துப் போனது இல்ல."

மதினி அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். "என்ன சொல்றீங்க?"

"நாலஞ்சு வருசமாவே கேக்காது. சீழ் வந்து வந்து போயிருச்சு. கொரோனா சமயத்துலயே இல்ல. நல்ல காதக் காட்டியே சமாளிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"எதிர்ப்பு சக்திப் பொடி விக்கிறவனுக்கே காதுல சீழுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? உங்கிட்டச் சொன்னா வேடசந்தூர் வரைக்கும் போயிரும். இவகிட்டச் சொன்னா பாடம் எடுப்பா."

"இம்புட்டு வருசமா நான் பேசுனதெல்லாம்?"

"நல்ல காதத் தலகாணியில வச்சுத்தான் படுப்பேன். நிம்மதியாத் தூங்குனேன்."

முன் சீட்டில் ஒருவர் சிரித்துவிட்டு இருமினார். மதினி சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. எலிக்குக் கிருமி ஏற்றுவதற்கு முன்னால் காதைச் சோதித்து அளவு எடுத்து வைப்போம். அளவு எடுக்காத எலியைக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த மனுஷன் தன் அளவைத் தானே தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார். சாகிற அளவுக்குப் போய் வந்திருக்கிறார், காரணம் அந்தக் காதுதான். முன்பே சொல்லியிருந்தால் சீழுக்கு வைத்தியம் பார்த்திருக்கலாம், இந்த ஊசிக்கே வேலை இருந்திருக்காது. எல்லாம் ஒரு அலமாரிப் பொடிக்காக.

பஸ் கிளம்பியது. சின்னாளபட்டி வந்த பிறகுதான் மதினி என் பக்கம் திரும்பினார். குரலில் சண்டை இல்லை.

"அப்ப அந்தக் காது ஊசியால போகல."

"இல்ல."

"இந்தக் காது ஊசியாலதான் நின்னுச்சா?"

எத்தனையோ வாரமாக நான் கத்திக்கொண்டிருந்த பதில் வாய் வரைக்கும் வந்தது. முதல் தடவையாக அவர் சண்டைக்கு இல்லாமல் தெரிந்துகொள்ளக் கேட்கிறார். வந்த பதிலை விழுங்கினேன்.

"தெரியல மதினி. நின்னுருக்கலாம். ஊசி இல்லாமலும் நின்னுருக்கலாம். அண்ணன ஒருத்தர வச்சு அதச் சொல்ல முடியாது."

"தெரியாமத்தான் அன்னைக்கு அம்புட்டுப் பேச்சுப் பேசுனியா? எங்க வீட்டாளுகளையும் இழுத்து?"

"ஆமா."

"மறுபடி அதே மாதிரி வந்தா?"

"மறுபடியும் போடத்தான் சொல்லுவேன்."

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அண்ணனைத் தோளில் தட்டி எழுப்பி நடுச்சீட்டுக்கு இழுத்தார். தானே ஜன்னலோரம், அவருடைய வலது பக்கம், போய் உட்கார்ந்தார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வரைக்கும் இத்தனை வருஷம் செத்த காதில் விழுந்ததையெல்லாம் அந்தக் காதுக்குள் விடாமல் பேசிக்கொண்டே வந்தார். என் பக்கம் இருந்தது கேட்காத காது.